வந்தேறியும் வழித்தோன்றலும்

குலத்தின் தூய்மையைப் பேசுவது மனிதனுக்குப் பழக்கமான பெருமைகளுள் ஒன்று. தந்தை வழி, தாய் வழி எனப் பின்னோக்கிச் சென்று, இடையில் அந்நியர் எவரும் புகவில்லை என நிறுவிவிட்டால் அவன் மனம் நிறைவடைகிறது. ஆனால், அவனது உடற்கலங்கள் பேணிவைத்திருக்கும் வமிசாவளி வேறுவிதமானது. 2001ஆம் ஆண்டு வெளியான மனிதப் பரம்பரையலகுத் தொகுதியின் முதல் வரைவு, அதில் ஏறத்தாழ 8 வீதம் பண்டைய றெற்றோவைரசுகள் விட்டுச்சென்ற எச்சம் எனக் காட்டியது. புரதங்களை ஆக்குவதற்கான நேரடிக் குறிப்புகளோ 2 வீதத்திற்கும் குறைவு.

இது எவ்வாறு நேர்ந்தது? இவ்வகை வைரசு தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் பெயர்த்தெழுதி, தான் புகுந்த கலத்தின் நிறமூர்த்தத்திற் பொருத்திவிடும். இப்பெயர்ப்பை நிகழ்த்தும் நொதியத்தை 1970இல் ஹவார்ட் ரெமினும் டேவிட் பல்ரிமோரும் தனித்தனியே கண்டறிந்தனர். தோலிலோ குருதியிலோ உள்ள கலத்தில் இது நிகழ்ந்தால் அவ்வுடலோடு அழியும். முட்டையையோ விந்தையோ உண்டாக்கும் கலத்தில் நிகழ்ந்து, அதன்வழி மகவும் பிறக்குமாயின், தொற்று பரம்பரைச் சொத்தாகிவிடும். அவுஸ்திரேலியாவின் கோலா விலங்குகளில் இந்நிகழ்ச்சி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

இவ்வாறு வந்தவற்றுட் பெரும்பாலானவை சிதைந்து கிடக்கின்றன. விழித்தெழக்கூடியவற்றை உடல் இடையறாது அடக்கிவைக்கிறது. மிகச் சிலவோ பணிக்கு அமர்ந்துவிட்டன. மனிதனின் ஏழாவது நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகு சின்சிற்றின் என்னும் புரதத்தை ஆக்குகிறது. முன்பு வைரசு கலத்தின் மென்சவ்வோடு இணைந்து உட்புகுவதற்குப் பயன்படுத்திய கருவியே இது. இன்று அது சூல்வித்தகத்தின் கலங்களை ஒன்றோடொன்று இணைத்து, இடைச்சுவரற்ற ஒரே படலமாக்குகிறது. அப்படலத்தினூடாகவே தாயின் குருதியிலிருந்து சிசுவுக்கு உணவும் ஒட்சிசனும் செல்கின்றன. இப்பணி 2000ஆம் ஆண்டில் வெளிப்படுத்தப்பட்டது. சுண்டெலிகள் வேறொரு வைரசிடமிருந்து இத்தகைய பரம்பரையலகைப் பெற்றுள்ளன. ஆய்வாளர் அதனை நீக்கியபோது கருக்கள் வயிற்றிலேயே மடிந்தன.

இயற்கையின் செயலிலிருந்து மனிதர்க்கான அறத்தை அப்படியே வடித்தெடுத்தல் பொருந்தாது. அந்த வைரசு விருந்தினனாக வரவில்லை, தொற்றாகவே வந்தது. எனினும், குருதியைச் சாட்சிக்கு அழைத்துத் தூய்மை பேசுவோர் அச்சாட்சியத்தை முழுமையாகக் கேட்கக் கடமைப்பட்டவர்கள். தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவினும் நெருங்கிய உறவு மனிதரிடையே இல்லை. அவ்வுறவு உடலளவிற் பற்றிநிற்கும் இடத்திலேயே அந்நியனின் உழைப்பு இருக்கிறது. தன் குலத்தின் பெயரை அறியுமுன்னரே ஒவ்வொருவனும் அதனாற் பயன்பெற்றுவிடுகிறான்.