திருச்சுழி வீடும் ஒரு தாயின் பயணங்களும்

கணவரோடு போய் வந்த ஊருக்கு, அவர் இல்லாமல் பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு மறுபடி போவது எளிதல்ல. பஸ் ஏறும்போதே, "போன தடவை அப்பா ஜன்னல் ஓரம் உக்காந்தாருல்ல?" என்று சின்னவன் கேட்டுவிடுவான். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் போவதில்லை. துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்குத் திருவிழா கிடையாது என்பது பல குடும்பங்களின் வழக்கம். வருஷம் கழிந்த பிறகும் போகாமலே விட்டுவிட்ட ஊர்கள் எத்தனையோ!

அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் 15 கி.மீ. தூரத்தில் இருக்கிறது திருச்சுழி. கருவேலங்காடு, பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் குண்டாறு, சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேதான் சுந்தரமய்யர் வீடு. உள்ளூரில் வழக்குகள் நடத்தி வந்தவர் அவர். 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன நேரத்தில் அந்த வீட்டில் பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

1892 பிப்ரவரியில் சுந்தரமய்யர் இறந்தார். மனைவி அழகம்மாளுக்கு நான்கு பிள்ளைகள். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, 12 வயது வேங்கடராமனுக்கு வேறொரு கேள்வி எழுந்ததாக அவரது வரலாறு சொல்கிறது. அப்பாவின் உடம்பு இங்கேயே இருக்கிறது. அப்படியானால் போனது எது? பெரியவர்கள் தங்கள் துக்கத்தில் இருக்கும்போது, பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

அதோடு வீடு கலைந்தது. மூத்தவர் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். சின்னவர்கள் நாகசுந்தரமும் அலமேலுவும் தாயோடு மானாமதுரைக்குப் போனார்கள். 1896-இல் வேங்கடராமன் சொல்லாமல் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அழகம்மாளின் பயணங்களைப் பாருங்கள். 1898 டிசம்பரில் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வரும்படி நாள் கணக்கில் அழுது கேட்டார். மகன் வரவில்லை. 1900-இல் மூத்த மகனும் இறந்துபோனார். 1913-இல் காசிக்குப் போய்த் திரும்பும் வழியில் மறுபடி திருவண்ணாமலை. 1914-இல் திருப்பதி யாத்திரையின்போது இன்னொரு முறை. அந்தத் தடவை கடும் காய்ச்சலில் படுத்தவரை மகனே கவனித்துக்கொண்டார். மகனைத் திரும்பக் கூட்டிப் போக வந்த ஊருக்கே, 1916-இல் நிரந்தரமாக வந்து சேர்ந்தார். 1922 மே 19 அன்று மகன் பக்கத்தில் இருக்க அங்கேயே காலமானார்.

அதே குடும்பத்தில் இன்னொரு இழப்பும் உண்டு. நாகசுந்தரம் தன் மனைவியை இழந்தார். கைக்குழந்தையை அத்தை அலமேலு வளர்த்தார். தகப்பன் திருவண்ணாமலைக்குப் போய்த் துறவியாகிவிட்டார். அந்தக் குழந்தைதான் வளர்ந்து, பிற்காலத்தில் ரமணாசிரமத்தின் தலைவரானார்.

அந்தக் காலத்து விதவைத் தாய்க்கு நான்கு பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்து வளர்க்க வழியில்லை. பிள்ளைகள் இரண்டு ஊர்களாகப் பிரிந்த பிறகு, விலகிப் போன மகனைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. இன்று பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நிலை இல்லை. நால்வரும் சேர்ந்து போன இடத்துக்கு மூவராகவாவது போக முடியும்.

திருச்சுழி வீடு இப்போது 'சுந்தர மந்திரம்' என்ற பெயரில், எல்லோரும் வந்து பார்க்கும் இடமாக இருக்கிறது. குடும்பமாக வருகிறவர்களில், போன தடவை வந்த ஒருவர் இல்லாமல் வருகிறவர்களும் இருக்கலாம். அவர்கள் பிள்ளைகளிடம் "அப்பா இங்கேதான் நின்னார்" என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அழுகை வந்தால் வரட்டும். பிள்ளை என்ன கேட்கிறது என்று காது கொடுத்துக் கேட்டாலே போதும். கேட்க ஆள் இல்லாத கேள்விகளைத்தான் பிள்ளைகள் தனியாகச் சுமக்கிறார்கள்.