பன்னிரண்டு வளைவுகளும் ஒரு பெருமாளும்

என் மச்சினனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் இரண்டே ஸீட் உள்ள கார் வாங்கியிருக்கிறான். செகண்ட் ஹாண்ட், சிவப்பு, தரையோடு ஒட்டிக்கொண்டு போகிற ஜாதி. அதில் ஏற வேண்டுமானால் முதலில் பின்புறத்தை உள்ளே கொடுத்து, பிறகு தலையைக் குனிந்து, கடைசியில் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். இறங்குவதற்கு இன்னொரு ஆள் தேவை.

ஐந்து வருஷத் தவணை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து பையன் காதில் எதுவும் ஏறுவதில்லை. ஒரு ராத்திரி ஈ.சி.ஆரில் 'சும்மா ஒரு ரவுண்டு' போயிருக்கிறான். முட்டுக்காடு தாண்டி ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட்டார். ஒரு முழம் இடைவெளியில் தப்பித்தாராம். என்னிடம் இதைச் சொல்லும்போது அவன் கையிலிருந்த டம்ளர் டபராவில் கடகடவென்று ஆடியது.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க அத்தான்."

"சொல்லல. ஆனா இனிமே வேகம்னா ரோட்டுல கிடையாது. ட்ராக்குலதான்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேனே தவிர, ட்ராக்குக்கு எப்படிப் போவதென்று எனக்கும் தெரியாது. விசாரித்தேன். 'ட்ராக் டே' என்று ஒன்று இருக்கிறது சார்! பணம் கட்டினால் ஒரு பகல் பொழுது ரேஸ் ட்ராக்கில் நம் சொந்தக் காரையே ஓட்டலாம். போட்டி கிடையாது. எதிரே லாரி வராது, எருமை வராது, ஷேர் ஆட்டோ வராது.

இந்த விஷயத்தில் சென்னைக்குப் பழைய பாத்தியதை உண்டு. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களைப் புளிசாதப் பொட்டலத்தோடு போய்ப் பார்த்த கதையை என் மாமனார் இன்றைக்கும் சொல்வார். 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே ஒரு ட்ராக் திறந்தது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' இருக்கிறது. அது சின்னது. கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் நடந்த புத் சர்க்யூட், ஐந்து கிலோமீட்டருக்கு மேல். கன்னி முயற்சிக்கு அங்கே போவது, நீச்சல் தெரியாமல் மெரினாவில் இறங்குகிற மாதிரி. இருங்காட்டுக்கோட்டைதான் என்று தீர்மானித்தோம்.

ட்ராக் கிடைத்துவிட்டது. யார் நடத்துகிற ட்ராக் டேக்குப் போவது என்பதுதான் பிரச்னை. முதலில் போன் செய்த ஆசாமி, "வேகமா ஒரு ரவுண்டு அடிச்சவருக்குப் பரிசு உண்டு சார்!" என்றார். மச்சினன் சட்டையைப் போட ஆரம்பித்துவிட்டான். "புதுசா வர்றவங்களுக்குப் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? ட்ராக்ல ஏறினா தானா வந்துடும்."

எனக்குத் தெரிந்து ஆம்புலன்ஸ்கூடத் தானாக வருவதில்லை. போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஆசாமி என்னைப் பேசவே விடவில்லை. அவர்தான் கேள்வி கேட்டார். இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்காரா? முகத்தை முழுசா மூடற ஹெல்மெட் இருக்கா? பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்க? "புது ஆளுங்க தனி க்ரூப். கூடவே ஒரு இன்ஸ்ட்ரக்டர். நேரான இடத்துல மட்டும்தான் ஓவர்டேக், அதுவும் முன்னால போறவர் கை காட்டினாத்தான். யார் எத்தனை செகண்ட்னு கணக்கு கிடையாது."

மச்சினனின் முகம் தொங்கிவிட்டது. அவன் முகம் தொங்கினால் சரியான இடம்தான் என்று உடனே பணம் கட்டினேன். பிரேக் ஆயிலா? "மாத்தியாச்சு" என்றான்.

இன்ஷூரன்ஸ் பாலிஸியை எடுத்துப் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம். ரேஸ், வேகச் சோதனைக்கெல்லாம் நஷ்டஈடு கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ட்ராக் டேயையும் அதில்தான் சேர்ப்பார்கள். அதாவது சுவரில் மோதினால் கார் போய்விடும், தவணை மட்டும் இருக்கும்.

என் சம்சாரத்திடம் "ஸ்ரீபெரும்புதூர் போறோம்" என்றேன். பொய்யில்லை. ட்ராக் அந்த வழியில்தான். "ராமானுஜர் பொறந்த ஊரு. பெருமாளை நல்லா கும்பிட்டுட்டு வாங்க" என்று தேங்காய் பழம் கொடுத்து அனுப்பினாள்.

அங்கே முதல் வேலை காரைக் காலி செய்வது. ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, மாமியார் கொடுத்த முறுக்கு டின், பெருமாளின் தேங்காய் எல்லாம் வெளியே வந்தன. வளைவில் தேங்காய் பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டால் பெருமாளாலும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு கொடிப் பாடம். மஞ்சள் என்றால் முன்னால் ஏதோ விபத்து, மெதுவாகப் போ. நீலம் என்றால் பின்னால் வேகமான கார். சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, உள்ளே வா.

இன்ஸ்ட்ரக்டர் நரைத்த தலைக்காரர், அதிகம் பேசாதவர். "நேராப் போகும்போதே பிரேக்கை முடிச்சுடு தம்பி. கண்ணு எங்க போகுதோ, கார் அங்க போகும்." அவ்வளவுதான். இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். நான் முறுக்கோடு சுவர் ஓரம் நின்றேன்.

முதல் ஓட்டத்தில் ஒரு குடும்பக் கார் இவனை முந்தியது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகிற கார்! கையை வெளியே நீட்டி அதற்கு வழிவிட்டபோது பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டத்தில் நாலாவது ரவுண்டு. எல்லாக் காரும் வந்தது, சிவப்புக் கார் வரவில்லை. எனக்கு முறுக்கு தொண்டையில் நின்றது. ரொம்ப நேரம் கழித்து, மாட்டு வண்டி வேகத்தில், ஓரமாக ஊர்ந்து வந்தது.

நடந்தது இதுதான். "பெடல் எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டிருக்கிறார். "கொஞ்சம் கீழ போகுது சார்." அவ்வளவுதான், "ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடு" என்று சொல்லி அப்படியே உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பிரேக் ஆயில் வருஷக்கணக்கில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சூடு ஏறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். அப்புறம் காலால் மிதிப்பது வெறும் குமிழியைத்தான். ஆபீஸ் போய் வருகிற ஓட்டத்தில் இது தெரியாது.

"எப்ப மாத்தினது?" என்றார் அவர்.

மச்சினன் தரையைப் பார்த்தான். "மாத்தல சார். வாங்கின மாதிரியே இருக்கு."

அவர் திட்டவில்லை. "ஹாண்ட் பிரேக் போடாதே, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

"தனியா இருந்திருந்தா இன்னும் ஒரு ரவுண்டு போயிருப்பேன் அத்தான்" என்றான் ரொம்ப நேரம் கழித்து. நான் முட்டுக்காட்டுச் சைக்கிள்காரரை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கும் இதே ஆயில்தான்.

பக்கத்து ஷெட் மெக்கானிக் புது ஆயில் ஊற்றிக் காற்றை எடுத்துக் கொடுத்தார். மத்தியானம் மறுபடி ஓட்டினான். வேகம் குறைச்சல். ஆனால் பன்னிரண்டு வளைவிலும் கார் வழுக்கிக்கொண்டு போன அழகு எனக்கே தெரிந்தது.

திரும்பும்போது தேங்காயை உடைக்கக் கோயிலுக்குப் போனோம். ஆதிகேசவப் பெருமாள் முன்னால் பையன் கண்ணை மூடியவன் திறக்கவேயில்லை. பின்னால் க்யூவில் முணுமுணுத்தார்கள். பூந்தமல்லி வரை ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னாலேயே வந்தான், ஹாரன்கூட அடிக்காமல்.

வீட்டில் பிரசாதத்தை வாங்கிக்கொண்ட என் சம்சாரம், தம்பியின் தலையையே பார்த்தாள். முடி நெற்றியோடு அப்பிப் போயிருந்தது.

"ஏண்டா, ஹெல்மெட் போட்டுக்கிட்டா சாமி கும்பிட்ட?"