இரையாத விசிறி

நோர்வூட்டில் மூடுபனி சூழ்ந்திருக்கக் கணினிக்கும் குளிரூட்ட வேண்டுமோ என நண்பர் நகைப்பர். 2011இல் வெளிவந்த இன்டெல் ஐ5-2400 புரொசஸர் 95 வாட் வெப்பம் உமிழவல்லது. அதனைத் தணிக்கும் சிறு விசிறி விரைந்து சுழன்று இரையும். வகுப்புக்கு வரவியலாத தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நான் பதிவு செய்யும் பாடங்களில் என் குரலை அவ்விரைச்சல் விழுங்கிற்று. புதுக்கணினி வாங்க வசதியில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவது எங்கும் காற்றுப் படுதற்கன்றோ? ஹீட்சிங்கின் மெல்லிய அலுமினியத் தகடுகளும் அவ்வாறே வெப்பத்தைப் பரப்புகின்றன. அகன்ற விசிறி மெல்லச் சுழன்றே போதிய காற்றைத் தரும். ஆகவே, செப்புக் குழாய்களும் 120 மில்லிமீற்றர் விசிறியும் உடையதொன்றைத் தெரிந்தேன். 1155 சொக்கெட்டுக்குப் பொருந்துமா, உயரத்துக்குப் பெட்டி இடந்தருமா என அளந்த பின்னரே வாங்கினேன். பழைய பசையைத் துடைத்துப் புதிது தடவிப் பொருத்தினேன். இனிப் பிள்ளைகளுக்குப் பாடம் மட்டுமே கேட்கும்.