பால் இருக்கிறது, வெட்ட ஆளில்லை

கோட்டயத்திலிருந்து கிழக்கே குமுளிக்குச் செல்லும் சாலையில் பாம்பாடியைத் தாண்டினால் வெயில் மங்குகிறது. இருபுறமும் ரப்பர். பொன்குன்னம், காஞ்சிரப்பள்ளி, முண்டக்கயம் என ஊர்கள் மாறினாலும் காட்சி மாறுவதில்லை: வரிசை பிசகாத மரங்கள், ஒவ்வொன்றிலும் சாய்வாக ஒரு காயம், அதன் கீழே ஒரு சிரட்டை. மழைக்காலமானால் காயத்துக்கு மேல் பிளாஸ்டிக் பாவாடை. மலையேறித் தேயிலையைத் தொடும்வரை இதுதான் ராஜ்யம்.

ராஜ்யத்தின் வயது நூற்றுச் சொச்சம்தான். 1876-ல் ஹென்றி விக்காம் அமேசான் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை இலங்கைக்கு வந்தன. 1902-ல் பெரியாற்றங்கரையில், தட்டேக்காட்டில் வணிக நோக்கிலான தோட்டம் உருவானது. அதில் பங்குகொண்ட அயர்லாந்துக்காரர் ஜே.ஜே. மர்ஃபி, பிறகு முண்டக்கயம் அருகே ஏந்தயாறில் குடியேறினார். 1957-ல் இறந்த அவரது கல்லறையும் அங்கேதான். இன்று துரைமார் காலம் போய்விட்டது. நாட்டின் ரப்பரில் 90 சதவீதத்துக்கு மேல் சிறு விவசாயிகளிடமிருந்தே வருகிறது.

வேலை விடியுமுன் தொடங்குகிறது. வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கும்; பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் குறையும்; பால் வரத்தும் குறையும். கத்தி சீவி எடுப்பது ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டையைத்தான். அதற்குள் இருக்கும் வளர்திசுவைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி அங்கே வெட்ட முடியாது. ஏழு ஆண்டு காத்திருந்து வெட்டத் தொடங்கும் மரத்தைக் கைத்தவறு ஒன்றே கெடுத்துவிடும். எனவேதான் நல்ல பால்வெட்டுக்காரருக்கு இங்கே மரியாதை.

சிரட்டையில் சேரும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரதங்களின் எதிர்மின்னூட்டம் அவற்றை ஒட்டவிடாமல் விலக்கி வைக்கிறது. பார்மிக் அமிலத்தைச் சேர்த்ததும் அந்த விலக்கம் நீங்கி, பால் தயிர்போல் உறைகிறது. அதை உருளைகளில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் காயவைத்தால் தேன்நிற ஷீட் தயார். கையுறைக்குப் போகும் பாலை மட்டும் அம்மோனியா சேர்த்து உறையாமல் காக்கிறார்கள்.

ஷீட் அப்படியே உதவாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிகளே ரப்பர். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கிடையே பாலங்கள் விழுகின்றன. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டது இதைத்தான். இயற்கை ரப்பருக்கு இன்னொரு குணம் உண்டு: பலமாக இழுபடும்போது சங்கிலிகள் ஒழுங்காக அணிவகுத்துப் படிகமாகி, கிழிசலைத் தடுக்கின்றன. ஓடும்போது சூடேறுவதும் குறைவு. பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் வந்த பிறகும் விமானத்துக்கும் லாரிக்கும் டயர் செய்பவர்கள் இதைக் கைவிடாததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் டயர்தான் இந்த ஊர்களின் தலையெழுத்தும். 2011-ல் கிலோ 240 ரூபாயை எட்டிய விலை, 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே சரிந்தது. ரப்பர் பணத்தில் வீடு கட்டி, மகளை நர்சிங் படிக்கவைத்த குடும்பங்கள் திகைத்து நின்றன. கூலி கொடுத்தால் கையில் மிஞ்சாது என்று பலர் வெட்டையே நிறுத்தினார்கள். சிலர் பாலைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். மரத்தை விறகுக்கும் பலகைக்கும் விற்று ரம்புட்டான் நட்டவர்களும் உண்டு. 2015-ல் கேரள அரசு கிலோவுக்கு 150 ரூபாய் உறுதியளித்தது. பின்னர் அதை உயர்த்தியது.

2024-ல் விலை மீண்டும் 200-ஐத் தாண்டியது. அதற்குள் கத்தி பிடித்த கைகள் முதிர்ந்துவிட்டன. பிள்ளைகள் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். வடகிழக்கிலிருந்து வந்த இளைஞர்கள் சில தோட்டங்களில் வெட்டுப் பழகுகிறார்கள். அவர்களின் பகுதியிலேயே திரிபுரா, ரப்பரில் நாட்டின் இரண்டாவது மாநிலமாகிவிட்டது.

2023-24-ல் இந்தியா உற்பத்தி செய்தது ஏறத்தாழ 8.5 லட்சம் டன். பயன்படுத்தியது 14 லட்சம் டன்னுக்கும் மேல். பற்றாக்குறை கப்பலில் வந்து இறங்குகிறது. 1947-ல் சட்டம் மூலம் பிறந்த ரப்பர் வாரியத்தின் தலைமையகம் இருக்கும் கோட்டயத்திலிருந்து சில கிலோமீட்டரிலேயே, காயம் ஆறிப் பட்டை மூடிய மரங்கள் வரிசையாக நிற்கின்றன. தைக்குப் பின் இலையுதிர்ந்து தளிர்க்கும்போது, மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளோடு இந்தத் தோட்டங்களைத் தேடி வருகிறார்கள். சில மரங்களிடம் இப்போது விளைச்சல் எடுப்பது தேனீக்கள் மட்டுமே.