நின்றுபோகும் நொடி

திருச்செங்கோட்டில் அர்த்தநாரீசுவரர் மலையடிவாரத்திலிருந்து எந்தச் சாலையில் வெளியே வந்தாலும், மாஸ்ட்டைப் படுக்கப்போட்ட போர்வெல் லாரிகள் கண்ணில் படும். பாறையைக் காற்றழுத்தத்தால் துளைக்கும் ரிக்குகளை 1967-ல் பீகார் வறட்சியையொட்டி யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் அந்த வேலையைத் தன் குலத்தொழில் போலவே எடுத்துக்கொண்ட ஊர் இது. நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாவதற்கு முன்பே இந்த ஊர் வண்டிகள் ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று போய்விட்டன. இப்போது ஆப்பிரிக்காவிலும் துளை போடுகின்றன.

துளை போடுகிறவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் பார்க்கப் போனது, அந்த வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் ஒரு எலக்ட்ரீசியனை. தகரக் கொட்டகை, ஒரு மேசை, மீட்டர், சால்டரிங் அயர்ன். வாசலில் ஒரு ரிக் நின்றது. அதன் நோய்: ஓடிக்கொண்டே இருக்கும்போது கம்ப்ரசர் இன்ஜின் திடீரென்று நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

ரிக்கில் லாரியை ஓட்ட ஒரு இன்ஜின், கம்ப்ரசரை ஓட்ட இன்னொரு இன்ஜின். நிமிடத்துக்கு ஆயிரம் கன அடிக்கு மேல் காற்றை 300, 350 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பைப்புக்குள் தள்ளுவது இரண்டாவது. அடியில் ஹேமரை அடிக்க வைப்பதும், உடைந்த கல்தூளை மேலே ஊதித் தள்ளுவதும் அந்தக் காற்றுதான். ஹேமர் எழுநூறு அடியில் இருக்கும்போது இன்ஜின் நின்றால், பாதி வழி ஏறிய தூள் அத்தனையும் இறங்கி ஹேமரைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் ஹேமரும் பைப்பும் பூமிக்கே. நட்டம் லட்சக்கணக்கில்.

எலக்ட்ரீசியன் ஸ்பேனரைத் தொடவில்லை. டிரில்லரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“தம்பி, பட்டுனு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?”

“பட்டுனுதானுங்ணா. சாவியத் திருப்புன மாதிரி.”

பாதி வேலை அதிலேயே முடிந்தது. டீசலில் காற்று ஏறியிருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ இன்ஜின் திணறும், சத்தம் ஏறி இறங்கும், பிறகுதான் சாகும். வெட்டியதுபோல் நின்றால் கோளாறு கரண்டில். டீசலைத் திறந்து வைத்திருக்கும் சோலனாய்டுக்கு 24 வோல்ட் வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் ஸ்பிரிங் மூடிவிடும். அந்தக் கரண்ட் ஃபியூஸ், கம்ப்ரசரின் வெப்ப சுவிட்ச், இன்ஜினின் ஆயில் பிரஷர் சுவிட்ச் என்று வரிசையாகத் தாண்டி வருகிறது. வழியில் ஒன்று விட்டாலும் எல்லாம் விட்டது.   

சிக்கல் எங்கே என்றால், இன்ஜின் நின்றதும் ஆயில் பிரஷர் தானாக இறங்கிவிடும். அந்த சுவிட்சும் திறந்துகொள்ளும். நின்ற பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தால் சுவிட்ச்தான் கெட்டது என்று தோன்றும். புது சுவிட்ச் போடுவார்கள், வண்டி திரும்பப் போய் நிற்கும். இந்த வண்டியில் அப்படி இரண்டு சுவிட்ச் மாற்றியாகிவிட்டது.

அதனால் அவர் மூன்று 24 வோல்ட் பல்புகளை ஒரு பலகையில் பூட்டினார். ஃபியூஸுக்குப் பின் ஒன்று, வெப்ப சுவிட்சுக்குப் பின் ஒன்று, சோலனாய்டு முனையில் ஒன்று. பக்கத்தில் ஆயில் பிரஷரை நேரடியாகக் காட்டும் முள் கேஜ். இன்ஜினை ஓடவிட்டு, காற்று வால்வை அடைத்து அழுத்தத்தை ஏற்றினார். சும்மா ஓடினால் காட்டாத நோயைப் பாரம் ஏற்றினால் காட்டும் என்றார். பிறகு பலகை முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். டீ வந்தது, கிளாஸை வாங்கியபோதும் கண் பல்பைவிட்டு நகரவில்லை. அந்த இரைச்சலில் யாராலும் பேசவும் முடியாது. ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் பையன்கள் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் மூன்றாவது பல்பு அணைந்தது. அதற்குப் பிறகுதான் இன்ஜின் நின்றது. பல்பு அணைந்தபோது கேஜ் முள் இருந்த இடத்திலேயே நின்றதை நானும் பார்த்தேன். ஆயில் பிரஷர் சரி. சுவிட்சும் புதிது. மிச்சம் ஒயர்.

சுவிட்சிலிருந்து வரும் ஒயரை விரலிடுக்கில் வைத்து இஞ்ச் இஞ்சாக மடக்கிக்கொண்டே போனார். பிராக்கெட்டை ஒட்டி வளையும் இடத்தில் விரல் நின்றது. மேல்தோலில் கீறல்கூட இல்லை. பிளேடால் பிளந்து காட்டினார்: உள்ளே செப்பு இழைகள் பச்சை பூத்து அறுந்திருந்தன, இரண்டு மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்தன. அதிர்வும் சூடும் சேர்ந்தால் அவையும் விலகும், அடங்கினால் ஒட்டிக்கொள்ளும்.

ஓரடி ஒயர் மாற்றியதற்கு ஒரு நாள் கூலியா என்று ஓனர் முனகினார். எனக்குக் கோபம் வந்தது. ஒயருக்கு விலை உண்டு. அந்த ஒரு நொடியைத் தவறவிடாமல் பிடித்த கண்ணுக்கு இந்த ஊரில் இன்னும் விலை போடப் பழகவில்லை. இந்த வேலைக்குச் சம்பளம் வளராததால்தான் கற்றுக்கொள்ளப் பையன்கள் வருவதில்லை என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார்.

வேலை அத்தோடு முடியவில்லை. பேனலுக்குள் வெப்ப சுவிட்சை யாரோ ஒரு துண்டு ஒயரால் டைரக்ட் செய்து வைத்திருந்தார்கள். வழியில் நிற்காமல் இருக்கச் செய்த வேலை. கம்ப்ரசருக்குள் காற்றோடு எண்ணெயும் சுற்றுகிறது. சூடு எல்லை மீறினால் அது தீப்பிடிக்கும். அந்தத் துண்டை அவர் பிடுங்கினார்.

“இருக்கட்டுங்ணா, நடுக்காட்டுல ட்ரிப் ஆச்சுன்னா என்ன பண்றது?” என்றார் ஓனர்.

“ஆச்சுன்னா ஆயில் கூலரக் கழுவுங்க. அப்பவும் ட்ரிப் ஆச்சுன்னா எனக்குப் போன் போடுங்க. பக்கத்துல நின்னு பைப் மாத்துறது இந்தப் பசங்கதானுங்க.”

ஓனர் பதில் சொல்லவில்லை. வெப்ப சுவிட்சைக் கழற்றி, ஸ்டவ்வில் காயும் எண்ணெய்ச் சட்டிக்குள் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டு, மீட்டரைப் பொருத்தினார் எலக்ட்ரீசியன். 110 டிகிரியைத் தாண்டியதும் மீட்டரின் கீச்சொலி நின்றது. சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது. துடைத்து, இருந்த இடத்திலேயே பூட்டினார்.