தந்தையாரின் கடைசல் இயந்திரம்

அமெரிக்காவிலிருந்து வைட்ஃபீல்டுக்குக் குடிவந்தபோது, காலஞ்சென்ற தந்தையாரின் மரக்கடைசல் இயந்திரத்தையும் உடன்கொணர்ந்தோம். அதன் மோட்டார் 120 வோல்ட்டுக்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் உரியது. இங்கோ 230 வோல்ட்டு, 50 ஹெர்ட்ஸ். நேரே இணைத்தால் சுருள் கருகிவிடும் என்றறிந்து, மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் பொருத்தினோம். ஆயினும் வேகம் குன்றியது. ஒரு மாலை வார்னிஷ் கருகும் நெடியும் எழுந்தது. உடனே நிறுத்தினோம்.

டிரான்ஸ்பார்மர் அழுத்தத்தை மாற்றுமேயன்றி அலைவெண்ணை மாற்றாது. ஆகவே மோட்டாருக்கு ஆறில் ஐந்து பங்கு வேகமே கிட்டும், சூடும் மிகும். இறுதியில் இவ்வூர் மின்சாரத்துக்கேற்ற மோட்டாரைப் பூட்டினோம். சன்னபட்டணாவில் பொம்மை கடைவதற்குப் பயன்படும் வெட்பாலைக் கட்டையில் முதற்பம்பரம் உருவாயிற்று.

பழைய மோட்டாரை எறிய மனம் வரவில்லை. அன்பர்களே, கருவி கொணருமுன் அதன் பெயர்த்தகட்டைப் படித்தறிக!