நம் பெயரில் வேறொருவர்

பிழைப்பின் பொருட்டுச் சித்தூரில் குடியேறிய நாம், ஊரிலிருந்து வந்த உறவினரோடு சென்ற ஆண்டு திருப்பதிக்குப் போயிருந்தோம். அறை பிடித்துத் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவரிடம் ஆதார் நகலைக் கொடுத்தோம். அதைத் திரும்பக் கேட்டு வாங்கவில்லை. சில வாரங்கள் கழித்துக் காவலர் நம் வீட்டு வாயிலில் நின்றார். நம் பெயரைச் சொல்லி விடுதியில் தங்கிய ஒருவன் வாடகை தராமல் மறைந்துவிட்டானாம்!

அன்றிரவு நாம் சித்தூரில் ஒரு திருமண வீட்டில் இருந்தோம். அதற்குச் சாட்சிகள் இருந்தமையால் தப்பினோம்.

பின்னர் வழக்கறிஞர் ஒருவர் விளக்கினார். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவுப்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பிறருடைய கடவுச்சொல் போன்ற அடையாளங்களை வஞ்சகமாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் வஞ்சக எண்ணத்தை அரசுத் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும். "அவர் மனமுவந்து கொடுத்த நகல்தானே" என்று தரகர் வாதிட்டால், மறுப்பதற்கு நம்மிடம் என்ன இருந்தது?

அன்பர்களே, நகல் கொடுக்கும்போது எதன் பொருட்டு, எந்த நாளில் என்று அதன்மேல் எழுதிக் கையொப்பமிடுங்கள். அயலூரில் நமக்குள்ள முதற்சொத்து நம் பெயரே.